பின்னால் போன விரால்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. போன் அடித்தாலே யார் என்ன குறை சொல்லப் போகிறார்களோ என்று கடைசி மணி வரைக்கும் எடுக்க மாட்டேன். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற வேலையில் இருபது வருஷம் இருந்தால் யாருக்கும் இந்த வியாதி வரத்தான் செய்யும். தாலி கட்டுகிற நேரத்தில் பெரியத்தை தலை மறைக்கிறது, பந்தியில் எங்கள் மச்சினர் முகம் விழவேயில்லை, பொண்ணு ஏன் சிரிக்கவில்லை என்று ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு வந்து நிற்பார்கள். பொண்ணு சிரிக்காததற்கு நான் என்னய்யா செய்வேன்? ஆனாலும் எங்கேயாவது தோழியோடு பேசிச் சிரித்த துண்டைத் தேடிப் பிடித்து, தாலி ஏறியதும் ஒட்டி, சிரிக்க வைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்துதான் குடும்பம் நடந்தது.

வீடு மதுரை வில்லாபுரத்தில். மாடியில் தகரக் கூரை போட்ட அறைதான் எடிட்டிங் ரூம். நானும் மனைவியும் வீட்டில் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். அவள் சிம்மக்கல்லில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறாள். கோபம் வந்தால் மட்டும் என்னிடம் தமிழுக்கு மாறிவிடுவாள். அதனால் அவள் வாயிலிருந்து தமிழ் வந்தாலே நான் உஷாராகிவிடுவேன்.

தண்ணீருக்கடியில் படம் எடுக்கிற கேமராவை நான் மீனுக்காக வாங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில், பொண்ணும் மாப்பிள்ளையும் நீச்சல் குளத்துக்குள் பட்டும் வேட்டியுமாக மிதக்கிற மாதிரி எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நானும் நம்பி கேமரா, தண்ணீர் புகாத லைட், நீளக் குச்சி எல்லாம் வாங்கினேன். எடுக்கிற அன்றைக்குப் பொண்ணு முதல் படியில் பெருவிரலை நனைத்துப் பார்த்துவிட்டு, ஐயையோ ஜில்லுன்னு இருக்கு, நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாமான் எல்லாம் அப்படியே பரணுக்குப் போனது.

அதைப் பரணிலிருந்து இறக்க வைத்தவன் என் நண்பன். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன், திருநகரில் குடியிருக்கிறான், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். திருமங்கலம் தாண்டி அவனுக்குப் பூர்வீக நிலமும் ஒரு கிணறும் உண்டு. நாலு பக்கமும் கல் கட்டி, ஒரு பக்கம் படி இறங்குகிற பெரிய கிணறு. நான் நீச்சல் பழகியதே அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா விளையாட்டுக்குக் கேமராவைக் குச்சியில் கட்டி இறக்கினோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், ஒரு ஆமை கல் இடுக்கிலிருந்து வந்து, கேமராவை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாசியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. இருபது வருஷமாகக் கேமராவைப் பார்த்ததும் தலைமுடியைச் சரிசெய்கிறவர்களை மட்டுமே பார்த்துவந்தவன் நான். எனக்கு அந்த ஆமையை அம்புட்டுப் பிடித்துப்போயிற்று.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் சேனல். தண்ணீர்ப் பாம்பு, ஆரால், நண்டு, தவளை என்று ஒவ்வொன்றாகப் போட்டோம். மற்றவர்கள் பிடித்துத் தூக்கிக் காட்டுகிற வீடியோ போடுவார்கள். நாங்கள் ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் ஒரு வரி போடுவோம்: தொட மாட்டோம், துரத்த மாட்டோம், தூக்க மாட்டோம். அந்த வரியை எழுதியவன் நான்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போன ஐப்பசி மழை விட்டதும் நண்பன் போன் பண்ணினான். கிணற்றில் விரால் குஞ்சு பொரித்திருக்கிறது, சீக்கிரம் வா என்றான். விரால் குஞ்சைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கில் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாக இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து மேலே வந்து காற்றுக் குடிக்கும். அப்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் துள்ளும். கூட்டத்துக்கு நேர் கீழே பெரிய விரால் காவல் நிற்கும். அது நகர்ந்தால் போச்சு. கிணற்றில் கிடக்கிற ஜிலேபி மீன் ஒவ்வொன்றும் குஞ்சுகளைச் சுண்டல் மாதிரி அள்ளிவிடும். இதையெல்லாம் நண்பன் எனக்கு விலாவாரியாகச் சொன்னான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மழைத் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் லைட்டையும் குச்சியில் கட்டினேன். மார்பளவுத் தண்ணீரில் படியில் நின்றுகொண்டு குச்சியை இறக்கினேன். தண்ணீருக்குள் இருக்கிற கேமரா என்ன பார்க்கிறது என்று மேலே நிற்கிற நமக்குத் தெரியாது, போனுக்கும் அங்கிருந்து சிக்னல் வராது. குத்துமதிப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாலு நிமிஷம் போலப் பிடித்திருந்தேன். கை ஆடவேயில்லை.

மறுநாள் போட்டுப் பார்த்தேன். விரால் இருந்தது. என் கை நீளத்துக்கு, பாம்புத் தலையோடு, குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும், முகத்தைத் திருப்பாமலே, பக்கத்துத் துடுப்பு இரண்டையும் விசிறிக்கொண்டு மெதுவாகப் பின்னாலேயே போய்க் கல் பொந்துக்குள் நுழைந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும். பார்க்கிற மாதிரி என் கண்ணில் பட்டது அந்தத் துண்டு ஒன்றுதான், அதிலும் மீன் என்னைப் பார்த்துப் பயந்து போகிறது.

இப்போது கல்யாண எடிட்டர் புத்தியைச் சொல்கிறேன். ஒரு மாப்பிள்ளை ஆரத்தித் தட்டைப் பார்த்ததும் சூட்டுக்குப் பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டார். அதை ரிவர்ஸ் போட்டேன், அதாவது கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டேன். மாப்பிள்ளை கம்பீரமாக முன்னால் வந்து நின்றார். அவருடைய மாமியாரே எனக்குப் போன் போட்டுப் பாராட்டினார். இப்படி நான் முன்னால் நடக்கவிட்ட ஆட்கள் மதுரையில் ஏராளம். விராலையும் என் விரல் தன்னால் ரிவர்ஸ் போட்டுவிட்டது. யோசித்தெல்லாம் செய்யவில்லை. போட்டதும் அசந்துபோனேன். இருட்டுப் பொந்துக்குள்ளிருந்து விரால் தலையை நீட்டி, மெதுவாக வெளியே வந்து, குஞ்சுகளுக்குக் கீழே நின்று நம் கண்ணையே பார்க்கிறது. புல்லாங்குழல் இசை ஒன்றைச் சேர்த்தேன். கீழே எழுத்தும் போட்டேன்: ‘வெளிச்சத்தைப் பார்த்து நம்பி வந்த விரால்.’ அதற்கு மேலே எங்கள் வழக்கமான வரி, தொட மாட்டோம், துரத்த மாட்டோம்.

வீடியோ எங்கெங்கோ போனது. நண்பன் பார்த்துவிட்டு, மாப்ள, கண்ணுல தண்ணி வந்துருச்சுடா என்றான். அவனிடமே நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சின்ன ரிவர்ஸ்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன். உள்ளுக்குள் மட்டும் எவனாவது கண்டுபிடித்துவிடுவானோ என்று உதறல். ஒவ்வொரு கமெண்டையும் பயந்து பயந்து திறப்பேன். பாராட்டு என்றால் மூச்சு வரும். அடுத்த கமெண்ட் வந்ததும் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

நாலாவது நாள் அந்தக் கமெண்ட் வந்தது. மேலூர்ப் பக்கம் ஒரு தம்பி. அவர்கள் கிணற்றிலும் விரால் குஞ்சு பொரித்திருக்கிறதாம். மச்சான் தூண்டிலோடு வந்தாராம், இவர் சண்டை போட்டு விரட்டிவிட்டாராம். உங்கள் வீடியோ எல்லாம் பார்த்துத் திருந்தியவன் அண்ணே நான், தொடவே மாட்டேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. உங்களை மாதிரியே லைட்டைக் காட்டினேன், ஆனால் எங்கள் விரால் பொந்துக்குள் போய்விட்டது, வர மாட்டேன் என்கிறது. எம்புட்டு நேரம் காட்டணும்ணே?

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, வராது, லைட்டை அணை, குஞ்சுகள் தனியாக நிற்கும் என்று இரண்டு வரி. ஆனால் அது எல்லாரும் பார்க்கிற இடம். சொன்னால் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் என்னைக் காறித் துப்புவார்களே என்று பயம். போனை வைத்துவிட்டு டீ போட்டேன். திரும்ப எடுத்தேன். நான் என்ன எழுதினேன் என்பதை அப்படியே சொல்கிறேன்: ‘பொறுமை வேணும் தம்பி. கை ஆடாம ஒரே இடத்துல காட்டுங்க. வரும்.’

எழுதிய பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவர் காட்டுகிற நேரம் முழுக்க விரால் பொந்துக்குள் இருக்கும், குஞ்சுகளை யார் பார்ப்பது? ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு அலுத்துப்போய்விடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் அலுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதினார். இன்னும் வரலைண்ணே, கை வலிக்குது, அதனால லைட்டைக் கயித்துல கட்டித் தொங்க விட்டுட்டேன், மோட்டார் ரூம்ல இருந்து வயர் இழுத்துருக்கேன். கூடவே ஒரு கும்பிடு படம். நான் பதில் எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இதுதான் என் லட்சணம். ஒரு விஷயத்தைப் பார்க்காமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று நம்பிக்கொண்டு இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நண்பன் போன் பண்ணினான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும், பாட்டெல்லாம் இல்லாமல், வெட்டாமல், எடுத்தது எடுத்தபடி முழுசாகக் கொடு மாப்ள என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? முழுசாகக் கொடுத்தால் மீன் பின்னால் போவது தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பான். பேசாமல் முழுசையும் ரிவர்ஸ் பண்ணிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

மனைவிக்கு அன்று லீவு. வெங்காயம் உரிக்கிற முறத்தோடு மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முழு வீடியோவையும் ஓடவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் நான் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. எடிட்டருக்கு வேண்டியது கிடைத்ததும் அங்கே ஒரு வெட்டு, அடுத்ததுக்குப் போய்விடுவோம். மூன்று நாள் கல்யாணத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்க்க யாரால் முடியும்? விரால் பொந்துக்குள் போன இடத்தில் நான் வெட்டியிருந்தேன். அதற்குப் பிறகும் கேமரா ஓடியிருக்கிறது, மூன்று நிமிஷத்துக்கு மேல்.

விரால் போயிற்று. சிவப்புக் கூட்டம் அங்கேயே வெளிச்சத்துக்கு நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது ஓரத்தில் ஒரு ஜிலேபி வந்தது. கூட்டத்துக்குள் வாயை வைத்துவிட்டு ஒதுங்கியது. விரால் வருகிறதா என்று பார்த்திருக்கும் போல. வரவில்லை. அடுத்து இரண்டு வந்தன. அப்புறம் எண்ண முடியவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தது, சிவப்புத் துணுக்குகள் தெறித்து ஓடின, ஓடியதையும் துரத்தித் துரத்தித் தின்றன. எங்கே ஓடினாலும் தெளிவாகத் தெரிந்தது. என் லைட் அம்புட்டு நல்ல லைட். பொந்து வாசலில் ஒரே ஒரு தடவை விரால் தலையை நீட்டியது, வெளிச்சம் பட்டதும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் படத்தில் கலங்கல் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அப்போதும் கை ஆடவில்லை.

மேலே படியில் அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நண்பனோடு இட்லிக்கடை ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சேனலில் முன்னால் வந்த விரால் இதில் பின்னால் போனதைப் பார்த்துவிட்ட மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். தமிழில் பேசினாள்.

“லைட்டை ஏன் அணைக்கல?”

“உள்ள நடக்குறது தெரியல. மீன் வந்து நிக்கும், படத்துல நல்லா விழட்டும்னு பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“இதையும் திருப்பிப் போடுங்க. தின்ன குஞ்செல்லாம் வாயில இருந்து வெளிய வந்துரும்ல?”

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற ஆள், தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதேன். இன்னும் என்ன மறைச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டு, மேலூர்க்காரரைப் பற்றி இதுவரை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்த கதையை அவள் என் வாயிலிருந்து பிடுங்கினாள். கேட்டதும் அவளுக்கும் முகம் மாறிவிட்டது. கயிற்றில் கட்டியிருக்கிறாரா, எத்தனை நாளாக என்று கேட்டாள். இரண்டு நாள் ஆகியிருக்கும் என்றேன். அழுவதை நிறுத்திவிட்டு முதலில் அவருக்குச் சொல்லித் தொலைங்க என்று போனை என் கையில் திணித்தாள்.

அப்போதும் முதல் வேலையாக அந்த வீடியோவைத்தான் சேனலிலிருந்து தூக்கினேன். நண்பனுக்குப் போன் பண்ணி ஒன்றுவிடாமல் சொன்னேன். தினமும் போய்ப் பார்க்கிறேன் மாப்ள, தண்ணி துள்ளவே இல்ல, குஞ்செல்லாம் பெருசாகிப் பிரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன் என்றான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேலூர்த் தம்பிக்குத் தனியாக எழுதினேன். லைட்டை உடனே அணைங்க, விரால் வெளிச்சத்துக்கு வராது, நான் போட்டது ரிவர்ஸ், பொய், என்னை மன்னிச்சிருங்க. எழுதியதோடு விட்டால் நம்ப மாட்டார் என்று தோன்றியது. உண்மையான துண்டையும் அனுப்பினேன், விரால் பின்னாலேயே பொந்துக்குப் போவது, ஜிலேபி வருவது எல்லாம் இருக்கிற மாதிரி. அனுப்பிவிட்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. என் நம்பரைக் கொடுத்து, கூப்பிடுங்க என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

குரல் நல்ல கனிவான குரல். கோபம் துளியும் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. யாராவது உங்களை மிரட்டி வீடியோவைத் தூக்கச் சொன்னாங்களாண்ணே என்று கேட்டார். இல்லையப்பா, நான்தான் தப்புப் பண்ணினேன் என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். ஆரத்தி மாப்பிள்ளை கதையைக்கூடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அவர் எனக்குச் சொன்னார்.

“அண்ணே, இப்ப அனுப்புனீங்கள்ல, அதுதாண்ணே ரிவர்ஸ். பாத்தாலே தெரியுது. எந்த மீனாவது பின்னாடியே போகுமா?”

போகும் தம்பி, விரால் போகும் என்றேன். அவர் சிரித்தார். முதலில் போட்டதில் மீன் முகத்தைக் காட்டி முன்னால் வருகிறதே, அது எவ்வளவு இயற்கையாக இருக்கிறது, அதைப் போய்ப் பொய் என்கிறீர்களே என்றார். ஜிலேபி தின்னுச்சே, பாக்கலையா தம்பி என்று கத்தினேன். அது வேறு நாள் எடுத்ததாக இருக்கும் என்றார். நான் என்ன சொன்னாலும் அவரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. உங்களுக்கு வந்துச்சு, எனக்கும் வரும், நீங்கதானண்ணே பொறுமை வேணும்னு சொன்னீங்க என்றார்.

எந்த ஊர்க் கிணறு என்று மட்டும் சொல்லுங்கள், இப்பவே கிளம்பி வாரேன் என்றேன். மனைவி பைக் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவருக்கு ஒரே சந்தோஷம். ஊர்ப் பேரும், எந்த இடத்தில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்ப வேண்டும் என்பதும் சொன்னார்.

“நிதானமா வாங்கண்ணே. லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.”